முடிவைச் சொல்லலாமா?



எங்கள் லயத்தில் ஒரு மர்ம நாவல் எத்தனை கை மாறும் என்று கணக்குச் சொல்ல முடியாது. பக்கத்துக் காம்பராச் சித்தி ஹட்டன் டவுனில் ஒன்று வாங்கி வந்தால், ஒரு மாதத்துக்குள் அது மேல் லயம், கீழ் லயம் எல்லாம் சுற்றி வந்துவிடும். மழை நாளில் பொலித்தீன் பையில் சுற்றி, படங்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பக்கம் படிக்கலாம் அல்லவா?

இது இன்று வந்த ஆசை இல்லை. 1885இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுகிறது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை. சிறு குழந்தையாகக் கடத்தப்பட்ட ஒருவனைப் பற்றிய, திருப்பங்கள் நிறைந்த கதை அது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை வெளியிட்டது. பிறகு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் பாக்கெட் நாவல்களும் வந்து சேர்ந்தன. எங்கள் பக்கம் விவேக்கும் ரூபலாவும் சொந்தக்காரர் மாதிரி.

புத்தகம் கைமாறும்போது நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். முடிவை யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. சொன்னவருக்கு அடுத்த புத்தகம் கடைசியாகத்தான் கிடைக்கும்.

அந்தச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதை எனக்குக் காட்டியவள் ஒரு தங்கச்சி. 1977 கலவரத்தில் எங்கள் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவளுடையது. அவளும் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கலியாணம் கட்டினாள். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவள் புருஷனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிள்ளையோடு மாமா வீட்டுக்கு வந்து, இங்கேயே பேர் பதிந்து வேலை செய்கிறாள்.

ஒருநாள் அவளிடம் ஒரு நாவலைக் கொடுத்தேன். அட்டை கிழிந்து, எழுதியவர் பெயரும் தெரியாத புத்தகம். நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, காணாமப் போன அந்தப் புருஷன் கடைசியில வந்துடுறானா?"

"அதைச் சொன்னா கதையில என்ன இருக்கு? நீயே படிச்சுப் பாரு" என்று சிரித்தேன். மறுநாள் படிக்காமலே திருப்பித் தந்துவிட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு கொழுந்து மடுவத்தில் பக்கத்தில் நின்றபோது மெல்லச் சொன்னாள்: "முடிவு தெரியாம 15 வருஷத்துக்கு மேல இருக்கேன், அக்கா. கதையிலயாவது முன்னாலேயே தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கிறேனே."

எனக்கு வார்த்தை வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த அம்மாமாரும் இந்த முடிவைத்தானே கேட்டார்கள்? நமக்கு ருசியாக இருக்கும் மர்மம் இன்னொருத்திக்கு வலியாக இருக்கலாம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்றைக்கே சொன்னேன்: "வந்துடுறான் தங்கச்சி. காலில் காயத்தோட வந்துடுறான்." இரண்டு ராத்திரியில் படித்து முடித்துவிட்டாள். முடிவு தெரிந்ததால் கதை கெட்டுப்போகவில்லையாம். எப்படி வந்தான் என்று பார்ப்பதற்காகவே படித்தாளாம்.

இப்போது அவள்தான் எங்கள் வாசிப்புக்காரி. ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாத அப்பாயிக்கு வாசித்துக் காட்டுகிறாள். திகிலான இடம் வந்ததும், "மிச்சம் அடுத்த கிழமை" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். அப்பாயி திட்டுவார், அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எங்களுக்கு இத்தனை வருஷம் ஆனது.

எழுத்துத் தெரியாது என்று வெட்கப்படும் தோழிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 115 நாவல்கள் எழுதிய சென்னை வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் எழுதத் தெரியாது. தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தினார். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி எழுதலாம் என்றால், ஒருத்தி வாசித்து இன்னொருத்தி கேட்பதில் என்ன குறை?

உங்கள் ஊரிலும் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். ஆளுக்கொரு புத்தகம் போடுங்கள். யாரிடம் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். பழைய பேப்பரில் அட்டை போட்டு, கழன்ற கடைசிப் பக்கத்தை உடனே ஒட்டிவிடுங்கள். கொடுக்கும்போது, "முடிவைச் சொல்லவா, வேண்டாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "சொல்லு" என்கிறவளிடம் ஏன் என்று கேட்க வேண்டாம். சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.