வேகமா? சிக்கனமா?

"கம்ப்யூட்டரில் விளையாட்டு ஓடவில்லை. கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்கிறான் மகன்.

புதிய கார்டு வாங்கினால் தகப்பனாரின் சம்பளத்தில் துண்டு விழும். ஆகவே பழைய கார்டைத் தேடுகிறார்கள். கண்ணில் படுபவை இரண்டு.

ஒன்று, என்விடியாவின் "ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ." 2016-ல் வந்தது. மற்றொன்று, ஏ.எம்.டி.யின் "ஆர்.எக்ஸ். 570". 2017-ல் வந்தது.

பந்தயம் வைத்தால் 570-தான் ஜெயிக்கும். சந்தேகமே இல்லை. நினைவகத்துக்குச் செல்லும் பாதை அதற்கு 256 பிட் அகலம். 1050 டி.ஐ.க்கு 128 பிட்தான்.

ஆனால் வேகமாக ஓடும் குதிரைக்குத் தீனியும் அதிகம் அல்லவா?

1050 டி.ஐ.க்கு 75 வாட் மின்சாரம் போதும். பெரும்பாலும் மதர்போர்டில் செருகினாலே வேலை செய்யும். 570-க்கு 150 வாட் வேண்டும். தனி மின் வயரும் வேண்டும்.

ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரில் அந்த வயர் பெரும்பாலும் இராது. பவர் சப்ளையையும் மாற்ற நேரும். மலிவாக மாடு வாங்கி, கடன் வாங்கித் தொழுவம் கட்டிய கதைதான்!

இன்னொரு விஷயம். 2017, 2018-ம் ஆண்டுகளில் டிஜிட்டல் நாணயம் ஈட்டுவதற்காக இரவு பகலாக உழைத்த 570 கார்டுகள் ஏராளம். ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நல்ல பவர் சப்ளை இருக்கிறதா? 570-ஐ வாங்கலாம். இல்லையா? 1050 டி.ஐ.யே லாபம்.

இரண்டுக்கும் வயதாகிவிட்டது. புத்தம் புதிய விளையாட்டுகளை இவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

கடைக்குப் போகும் முன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பணம் மிச்சமாகும்!