பெரிய குழாய் எல்லாருக்கும் பொருந்தாது

காரின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது எக்ஸாஸ்ட் குழாயில்தான். பலரும் கேட்பது 3 இன்ச். சுமார் 115 குதிரைத்திறன் கொண்ட பழைய 1.6 லிட்டர் மாஸ்டா மியாட்டாவுக்கு அது வீண்; இரண்டேகால் இன்ச்சே தாராளம்.

விட்டம் 2 இன்ச்சிலிருந்து 3 ஆனால், புகை போகும் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. அதே புகை அகன்ற வழியில் மெதுவாகத்தான் நகரும். டர்போ இல்லாத எஞ்சினில், ஒரு சிலிண்டரிலிருந்து விரைந்து வெளியேறும் புகை தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினை ஒட்டிய குழாய்களில் அந்த ஓட்டம் தளர்ந்தால், சிக்னலில் கிளம்பும்போதே இழுவை குறைவது தெரியும். இதை வைத்து, புகையைத் தடுக்கும் எதிரழுத்தம் எஞ்சினுக்குக் கொஞ்சம் வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வது தவறு. எதிரழுத்தத்தால் எப்போதும் நஷ்டமே.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற டர்போ கார்களின் கதை வேறு. டர்பைனைத் தாண்டிய வழி தாராளமாக இருந்தால் டர்போ சீக்கிரம் சுழலும். அங்கே 3 இன்ச் நியாயம்தான்.

வளைவுகளையும் கவனிக்க வேண்டும். காருக்கு அடியில் குனிந்து பார்த்தால், மலிவான குழாய் திரும்பும் இடத்தில் நசுங்கி மடிந்திருப்பது தெரியும். இரண்டரை இன்ச் என்று வாங்கியது அங்கே இரண்டரை இன்ச்சாக இருக்காது. பணத்தை, உள்ளே மாண்ட்ரல் என்னும் தண்டைச் செலுத்தி வளைத்த குழாய்க்கே செலவழிக்க வேண்டும். திருப்பத்திலும் அதன் விட்டம் ஏறக்குறைய மாறாது.