சொத்து வரி ரசீது பூணூல் அல்ல

சொத்து வரி உயர்கிறது என்ற செய்தி வந்தால் போதும், எங்கள் பகுதிக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பல்லவி: வரி கட்டுவது நாம், சலுகை அனுபவிப்பது ‘அவர்கள்’. அந்த ‘அவர்கள்’ யார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் குடியிருப்பவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன சாதி என்பதும் தெரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரிச் சீராய்வை அறிவித்தது. மானியம் பெற 15ஆவது நிதி ஆணையம் விதித்த நிபந்தனை அதற்கு ஒரு காரணம். தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% உயர்வு. அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிய 580 சதுர அடி வீட்டுக்கு 200 ரூபாய்தான் கூடும். 2,000 சதுர அடி வீட்டுக்கோ வரி இரட்டிப்பாகும். அதிகம் வைத்திருப்பவர் அதிகம் தர வேண்டும் என்பது இதன் அடிப்படை. குழுவில் உரக்கப் பேசுவது யார் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

வீட்டின் பரப்பு, தெருவுக்கான அடிப்படை மதிப்பு, குடியிருப்பா கடையா, கட்டடத்தின் வகை, வயது ஆகியவற்றை வைத்து வரி கணக்கிடப்படுகிறது. அளவு தவறென்றால் மறு அளவீடு கேட்டு மனுக் கொடுக்கலாம். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1% அபராதம்.

இந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது ஆண்டு வாடகை மதிப்பு. அதாவது, அந்த வீட்டை விட்டால் என்ன வாடகை வரும் என்ற மதிப்பீடு. சட்டத்தின் கண்ணில் வாடகைக்குச் சாதி இல்லை. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ வாடகைக்கு வீடு தேடிப் போகும் தலித்துக்கும் முஸ்லிமுக்கும் கதை வேறு. “நீங்க வெஜ்ஜா?” என்ற கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். வீடு கிடைத்தவர்களும் உயர்ந்த வரியை வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனால் ரசீது உரிமையாளர் பெயரில்தான் வரும். ‘நாம்’ கட்டுகிற வரியில் அவர்கள் பணமும் இருக்கிறது.

வீட்டு மனை யார் கையில் இருக்கிறது என்பது இந்த மாவட்டத்தின் பழைய கேள்வி. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் இங்குள்ள பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமாகக் கிடைக்கவிடாமல் மிராசுதாரர்கள் தடுப்பதை அதில் பதிவு செய்தார். மனை சொந்தமானால் பண்ணையாள் கைமீறிப் போய்விடுவான் என்ற பயம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. ஒதுக்கிய நிலமும் பெருமளவு பறிபோனது. பட்டா இல்லாதவர்கள் புறம்போக்கில் குடியேறினார்கள். இன்று அவர்களுக்குப் பெயர் ஆக்கிரமிப்பாளர்கள்.

2025 மே மாதம் இதே மாநகராட்சிக்கு உட்பட்ட அனகாபுத்தூரில், அடையாற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்களில் பலர் தலித்துகள், தினக்கூலிகள். குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. பல பத்தாண்டுகளாக வாழ்ந்தோம், வரி கட்டினோம் என்று அவர்கள் சொன்னார்கள். வரி ரசீது நில உரிமைக்கு ஆவணம் ஆகாது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். வரி கட்டியவருக்கே ரசீது உரிமை தராது என்றால், அதே ரசீதைக் காட்டி இன்னொருவர் மட்டும் நகரமே தனக்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வரி கட்டுவது கடமை. அது பூணூல் அல்ல, போட்டுக்கொண்டதும் மேலே ஏறிவிடுவதற்கு. நம் வீட்டுக் குப்பையை அள்ளுபவரும், பாதாளச் சாக்கடை வராத தெருவில் கழிவுத் தொட்டிக்குள் இறக்கப்படுபவரும் எந்தச் சாதி என்று நமக்குத் தெரியும். மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதை நடைமுறையாக்க இயந்திரம் வேண்டும், குழாய் வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மாநகராட்சியின் சொந்த வருவாயில் முக்கியமானது சொத்து வரி.

அம்பேத்கர் கொலம்பியாவில் ஆய்வு செய்தது பொது நிதி பற்றி. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி குறித்த அந்த நூல் 1925இல் வெளிவந்தது. வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்று கேட்பது அரசியல் என்பதை நமக்கு முன்பே அறிந்தவர் அவர். ஆய்வு மாணவனாக நானும் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆகவே வரியைக் குறை என்று மட்டும் கேட்கும் சங்கங்களின் பின்னால் போக வேண்டாம் தோழர்களே. மாநகராட்சி பட்ஜெட்டை வாங்கிப் படியுங்கள். உங்கள் வார்டில் பெரிய வணிகக் கட்டடங்களின் நிலுவை எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தூய்மைப் பணியாளர் ஊதியத்துக்கும், சேரிப் பகுதியின் குடிநீருக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். இதைக் கேட்க ரசீது தேவையில்லை. வாடகைக்கு இருப்பவர் கேட்கலாம், பட்டா இல்லாதவரும் கேட்கலாம்.