நிலக் கணக்கும் உலகக் கணக்கும்

விளைபொருளின் உபயோகம் ஓரிடத்தில் மாறினால், நிலத்தின் உபயோகம் வேறோரிடத்தில் மாறக்கூடும். அமெரிக்காவில் மக்காச்சோளத்தை எரிபொருளாக்கினால் உலகச் சந்தையில் தானியத்தின் விலை ஏறுகிறது. அவ்விலையைக் கண்டு பிறிதொரு நாட்டு உழவர் காட்டையோ மேய்ச்சல் தரையையோ திருத்தி விதைக்கிறார். இத்தொடர்பைக் கணக்கிடவே விஞ்ஞானிகள் உலகப் பொருளாதார மாதிரிகளைப் பயன்படுத்துகின்றனர்.

ஆனால் அவற்றின் விடைகள் ஒத்திருப்பதில்லை. ஒரு மெகாஜூல் ஆற்றல் தரும் மக்காச்சோள எத்தனாலுக்கு, இத்தகைய நிலமாற்றத்தால் மட்டும் 104 கிராம் கரியமில வாயு சேரும் என 2008-ல் ஓர் ஆய்வு கூறிற்று. கலிபோர்னியா மாநில அரசு 2009-ல் அதனை 30 கிராம் எனக் கொண்டது. 2015-ல் ஏறத்தாழ 20 கிராமாகக் குறைத்தது.

வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் அனுமானங்களிலேயே உள்ளது. விலை ஏறினால் உழவர் பழைய நிலத்தில் மகசூலைப் பெருக்குவாரா, புது நிலத்தை உழுவாரா? நம் நாட்டில் நிகர சாகுபடிப் பரப்பு 1970-71 முதல் சுமார் 14 கோடி ஹெக்டேர் அளவிலேயே நிற்கிறது. உணவு தானிய உற்பத்தியோ அவ்வாண்டில் சுமார் 10.8 கோடி டன்னாக இருந்து, 2020-21-ல் 31 கோடி டன்னாக உயர்ந்தது. பாசனமும், வீரிய வித்தும், உரமும், இருபோகமும் இதனைச் சாதித்தன, விலை மட்டுமன்று. எனவே ஒரு நாட்டின் அனுபவத்தை மற்றொரு நாட்டின்மீது அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.

இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. நமது புள்ளிவிவரங்கள் நிலத்தை ஒன்பது வகையாகப் பிரிக்கின்றன. அவற்றுள் ‘சாகுபடிக்கேற்ற தரிசு’ என்பது கணக்கிடுவோர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகத் தோன்றலாம். கிராமத்து ஏழைக்கோ அது ஆடு மேயும் இடம். விறகு பொறுக்கும் இடம். 2009-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எண்ணெய் வித்துப் பயிருக்குத் தரிசு நிலங்களையே நாடிற்று. ஏட்டிலுள்ள ஒரு சொல் ஒருவரது பிழைப்பைத் தீர்மானிக்க வல்லது என்பதை இது உணர்த்தும்.

மாதிரிகளைத் தள்ளிவிடுக என்பது நம் வாதமன்று. அவை இன்றேல் தொலைவிலுள்ள விளைவு கண்ணுக்கே புலப்படாது. ஆயினும் ஒரே எண்ணை முடிந்த முடிபாகக் கூறாது, அனுமானங்களையும் உடன் வெளியிடுதல் விஞ்ஞானிகளின் கடமை. நிலத்தின் வகையோடு அதன் மெய்யான உபயோகத்தையும் நேரிற் கண்டு குறித்தல் களப் பணியாளரின் கடமை. ஆசிரியர்கள் மாணவரை ஊர்ப் புறம்போக்கிற்கு அழைத்துச் சென்று, அங்கே யார் எதற்கு வருகின்றனர் எனக் குறிக்கச் செய்யலாம். அடிக்கணக்கு பழுதாயின், அதன்மேல் எழும் உலகக் கணக்கும் பழுதாகும்.