வெற்றுத் தோட்டாவும் வீணாகாத பித்தளையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது முன்னோர் மொழி. துரும்புக்கே இந்த மதிப்பு என்றால், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டுக்கு என்ன மதிப்பு? என்.சி.சி. மாணவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். சுடும் பயிற்சி முடிந்ததும் அவர்கள் குனிந்து கூடுகளைப் பொறுக்கி எண்ணுகிறார்கள். கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை கூடும் கணக்கில் வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லை விலக்கித் தேட வேண்டியதுதான். இதைக் கண்டு நகைக்கும் நண்பர்கள் உண்டு. இது நகைக்கத் தக்கதன்று; எல்லாச் சுடுதளங்களிலும் பின்பற்றத் தக்கது என்பதே என் கருத்து.

நம் பகுதியில் எறையூர் போன்ற ஊர்களில் வாழும் நரிக்குறவர் கையாண்டு வந்த நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது. மருந்தையும் ரவையையும் குழாயின் வாய் வழியே இட்டுக் கம்பியால் கெட்டிப்பார்கள். 1751-இல் ரஞ்சன்குடிக் கோட்டையருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோதும் அவ்வகைத் துப்பாக்கிகளே முழங்கின. மருந்து, குண்டு, தீப்பொறி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்தது 19-ஆம் நூற்றாண்டின் புதுமை. அந்தக் கூட்டுக்கு உகந்ததாக நிலைத்தது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. மருந்து வெடிக்கும்போது கூடு விரிந்து, புகை பின்னால் கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. அடுத்த கணமே சற்றுச் சுருங்கி எளிதில் வெளியே வருகிறது. இரும்புக்கு இவ்வளவு இணக்கம் இல்லை.

இந்தப் பித்தளைக்கு நம் நாட்டோடு ஒரு தனித் தொடர்பு உண்டு. அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களைச் சேமித்து வைத்தனர். யாரும் தொடாமலே அவை விரிசல் விட்டன! குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், காற்றின் ஈரமும், இழுத்து உருவாக்கியபோது உலோகத்தினுள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. 1921-இல்தான் ஆராய்ச்சியாளர் இதைத் தெளிவாக விளக்கினர். மிதமான சூட்டில் பதப்படுத்தினால் அந்த இறுக்கம் நீங்கும் என்பதும் தெரிந்தது. பாடநூலில் ஒரு பத்தியாகக் கடந்து செல்லும் செய்தி நம் மண்ணின் மழையில் பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்தவே 1943-இல் நடுவில் துளையிட்ட காசு வந்தது. நம் பாட்டிமார் 'ஓட்டைக் காலணா' என்றது அதைத்தான். அமெரிக்காவில் 1944 முதல் 1946 வரை, சுட்டுமுடித்த தோட்டாக் கூடுகளின் உலோகத்தையும் சேர்த்துச் செம்புக் காசு அடித்தார்கள். போருக்குப் போன உலோகம் கடைத்தெருவுக்குத் திரும்பியது!

இன்று மேலைநாடுகளில் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் இக்கூடுகளைத் தேடி அலைகிறார்கள். 2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து பெருந்தொகையான துப்பாக்கிகள் அமெரிக்காவுக்குப் போயின. துப்பாக்கி கிடைத்தது, தோட்டா கிடைக்கவில்லை. எனவே வேறு வகைப் பித்தளைக் கூடுகளை வாங்கி, அச்சில் அழுத்தி, 1871-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு ஏற்ப வடிவமைக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையைப் பாராட்டலாம். ஆனால் நமக்கு அது வழியன்று. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020-இல் 303 ரகத் துப்பாக்கிக்கு விடை கொடுத்தது. பழைய துப்பாக்கிக்கு உரிய இடம் அருங்காட்சியகம். அதன் பித்தளைக்கு உரிய இடம் உலைக்களம்.

ஒரு 303 கூடு ஏறத்தாழ 11 கிராம். நூறு சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். 2018-இல் தூத்துக்குடித் தாமிர ஆலை மூடப்பட்டபின், செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. இந்நிலையில் உருக்கி மீட்கும் ஒவ்வொரு கிலோவும் லாபமன்றோ?

இங்கேதான் ஏழையின் துன்பம் தொடங்குகிறது. என் தந்தை பழைய பாத்திர வியாபாரி. மூன்றாம் வகுப்போடு நின்றவர். செம்பா, பித்தளையா, வெண்கலமா என்று தட்டிய ஓசையிலேயே சொல்லிவிடுவார். ஆய்வகத்தில் நான் ஒரு மணி நேரம் பியூரெட்டோடு போராடிக் காண்பதை அவர் காதாலேயே கண்டுவிடுகிறார். அவர் தோட்டாக் கூட்டை மட்டும் எந்த விலைக்கும் வாங்குவதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்றே வரையறுக்கிறது. கோணிச் சாக்கில் எவனோ போட்ட இரண்டு கூடுகளுக்காக எங்கள் தெரு வியாபாரி ஒருவர் ஒரு பகல் முழுதும் விசாரணையில் உட்கார நேர்ந்தது. அன்றைய பிழைப்பு போயிற்று. ஊரார் பார்வையும் மாறிற்று.

அதைவிடப் பெரிது உயிர். வெடிக்காத குண்டை உலோகமென்று பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர் செய்திகள் நாட்டில் வந்துகொண்டே இருக்கின்றன. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், சுடுதளத்திலிருந்து பறந்த குண்டு தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-இல் அவன் இறந்தான். வீட்டிலிருந்தவனுக்கே இக்கதி என்றால், ஆடு மேய்த்தபடி மலையடிவாரத்தில் பித்தளை தேடும் பிள்ளையின் கதி என்ன?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, எந்தச் சுடுதளமாயினும் பயிற்சி முடிந்த அன்றே கூடுகளை எண்ணி, நிலத்தைத் துப்புரவாக்கி, கணக்கெழுத வேண்டும். இரண்டு, பயிற்சி நாளைச் சுற்றுப்புற ஊர்களில் தமிழில் தண்டோராவாகவும் பலகையாகவும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மூன்று, தம் கைக்கு வந்த கூட்டை நாணயமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கும் பழைய பொருள் வியாபாரியிடம் ரசீது கொடுத்து அனுப்ப வேண்டும். அவரைக் குற்றவாளிபோல் நிறுத்தி வைத்தல் கூடாது. அச்சம் இருக்கும்வரை கூடுகள் சாக்கின் அடியில்தான் ஒளியும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மனம் மட்டுமே வேண்டும். நாளை நம்முள் சிலர் காவல்துறையிலும் படையிலும் வருவாய்த் துறையிலும் பணிக்குச் செல்வோம். அன்று நம் மேசைக்கு இச்சிறு கூடு வருமானால், அதில் 11 கிராம் உலோகத்தை மட்டுமல்லாமல், அதைப் பொறுக்கிய கையையும் சேர்த்துக் காண்போமாக!