உட்காரும் உரிமை ஏட்டோடு நின்றுவிடக் கூடாது



கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இதற்கான விதை விழுந்தது கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில்.

அங்கே துணிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்குக்கூட வழியில்லாமல் வேலை பார்த்தார்கள். தையல் தொழிலாளியான விஜி 2009-ல் 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கி அவர்களை ஒன்றுசேர்த்தார். கழிப்பறைக்காக எழுந்த குரல் நாற்காலிக்காகவும் ஒலித்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அடுத்த மூன்றாண்டில் தமிழகமும் திருத்தியது.

பதினாறு ஆண்டுகள் ஜவுளிக்கடையில் நின்றே சேலை விரித்துப் போட்டவள் நான். தீபாவளி நாட்களில் இரவு வீடு திரும்பினால், வீங்கிய காலை வெந்நீரில் வைத்தால்தான் தூக்கம் வரும். சட்டம் வந்த பிறகும் நான் பார்த்த கடைகளில் ஸ்டூல் பேருக்குத்தான் கிடக்கிறது. மேற்பார்வையாளருக்குப் பயந்து யாரும் உட்காருவதில்லை.

தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் கூடிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடைவீதியிலும் பத்துப் பேராவது சேர்ந்து, கடைவாரியாக நிலைமையை எழுதி, தொழிலாளர் துறைக்கும் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் மனுவாகக் கொடுக்கலாம். சட்டத்தைக் கொண்டுவந்த ஒற்றுமையே அதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும்.

கடைக்கு வரும் வாசகர்களே, "நீங்க உட்காருங்கம்மா" என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதலாளியின் காதிலும் அது விழட்டும்.

— ஜவுளிக்கடை ஊழியர், மதுரை