ஆறரை அடி நடைபாதை எங்கே?

விடியற்காலையில் பைபர் படகுகள் கரை திரும்பும். மணலிலேயே ஏலம் நடக்கும். கூடையில் மீனை எடுத்துக்கொண்டு பெண்கள் கிளம்புவார்கள். சிலருக்கு ஆட்டோ கட்டுப்படியாகும். பலருக்குக் கால்தான் வண்டி.

இது ஊரூர் ஒல்காட் குப்பம். சென்னையில், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஊரூர் குப்பம் ஒன்று, ஒல்காட் குப்பம் ஒன்று. அடுத்தடுத்து இருப்பதால் சேர்த்தே சொல்வது வழக்கம். ஒல்காட் என்பவர் அமெரிக்கர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1882-ல் சபைக்காக அடையாற்றில் தோட்டம் வாங்கினார். 1894-ல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். அவர் பெயர்தான் குப்பத்துக்கும் வந்தது.

குப்பத்தைத் தாண்டினால் பெசன்ட் நகர். அங்கே நல்ல சாலைகள் உண்டு. அந்தச் சாலைகளில் கூடைக்காரி எங்கே நடப்பாள்? நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மின்சாரப் பெட்டி நிற்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதை கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறுகிறது. தலையில் சுமை இருப்பவர் பத்து வாசலுக்குப் பத்து முறை ஏறி இறங்குவாரா? சாலை ஓரத்தில்தான் நடப்பார். பின்னால் கார் ஹாரன் அடிக்கும்.

மாநகராட்சியின் தீர்மானம்

இப்படி நடப்பவர்களுக்காகச் சென்னை மாநகராட்சி மன்றம் 2014 அக்டோபரில் ஒரு கொள்கையை நிறைவேற்றியது. மோட்டார் இல்லாத போக்குவரத்துக் கொள்கை என்று அதற்குப் பெயர். நடை, சைக்கிள் இரண்டையும் பற்றியது. இந்தியாவில் இப்படிக் கொள்கை வகுத்த முதல் நகரம் சென்னை என்று பாராட்டினார்கள். அப்போது மேயர் சைதை துரைசாமி.

கொள்கை சொன்னது என்ன? நூறு தெருவில் எண்பது தெருவுக்காவது 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை வேண்டும். 2 மீட்டர் என்பது ஏறக்குறைய ஆறரை அடி. எதிரெதிரே இரண்டு பேர் இடிக்காமல் போகலாம். சக்கர நாற்காலியும் போகலாம். போக்குவரத்துக்கு மாநகராட்சி ஒதுக்கும் பணத்தில் 100 ரூபாய்க்கு 60 ரூபாயாவது நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் செலவாக வேண்டும். நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் சாலை விபத்தில் சாவது அடியோடு நிற்க வேண்டும். அதாவது, ஆண்டுக்கு ஒரு சாவு கூட இருக்கக் கூடாது!

இதற்கெல்லாம் கெடு, 2018-ஆம் ஆண்டு.

பெரிய ஆசைதான். ஆனால் நியாயமான ஆசை. 2008-ல் சென்னையின் போக்குவரத்தை ஆராய்ந்தார்கள். அப்போது மூன்று பயணத்தில் ஒன்று நடையாகவோ சைக்கிளாகவோ இருந்தது. கார்ப் பயணம் அதைவிட மிகக் குறைவு. ஆனால் சாலையில் யாருக்கு இடம் அதிகம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

கெடு வந்தது, மன்றம் இல்லை

2018 வந்தது. எண்பது தெரு ஆகவில்லை. சாவும் நிற்கவில்லை.

ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் கவுன்சிலர்கள். சென்னைக்கு 200 வார்டு, 200 கவுன்சிலர். ஆனால் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. தேர்தல் வழக்கில் சிக்கித் தள்ளிப் போயிற்று. தனி அலுவலர் ஆட்சி நடந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. மார்ச்சில் ஆர். பிரியா மேயர் ஆனார். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் வார்டுக்கு ஆளே இல்லை! நடைபாதை இல்லையே என்று குப்பத்துப் பெண் போய்ச் சொல்ல ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல் கூட இல்லை. கொள்கை வகுத்தவர்கள் இப்படி ஆகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் சரியல்ல. பஸ் போகும் பல சாலைகளில் நடைபாதை அகலமாயிற்று. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடப்பவர்களுக்கான அகலமான வளாகம் திறந்தார்கள். குழந்தைகளும் கிழவர்களும் அங்கே பயமில்லாமல் நடந்தார்கள். ஆனால் அது கடைத்தெரு. துணி வாங்க வருகிறவர் நடக்கும் இடம். மீன் விற்க வருகிறவர் நடக்கும் தெருவுக்கு அந்த அகலம் வர வேண்டாமா?

பெசன்ட் நகரிலும் 2014-ல் ஒரு சோதனை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில மணி நேரம் ஒரு சாலையில் கார் வராமல் தடுத்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள், பந்து ஆடினார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1974 முதலே இப்படி ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம். ஆனால் திங்கட்கிழமை கூடை தூக்குகிறவளுக்கு அதனால் என்ன லாபம்?

ஊர் முழுவதும் நடக்கும் நாளும் இங்கே உண்டு. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29-ந் தேதி கொடியேற்றம். காவி உடுத்தி, பல மைல் தூரத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கால்நடையாக வருவார்கள். அன்று போலீஸ் தடுப்புப் போட்டு அவர்களுக்கு வழி விடும். வருஷத்தில் ஒரு தரம் முடிகிற காரியம், மற்ற நாளில் மட்டும் முடியாதா?

மீனவருக்கு உள்ள பயம்

குப்பத்தாருக்கு இன்னொரு கவலை உண்டு. சாலை நன்றாக ஆனால் தங்களை அப்புறப்படுத்துவார்களோ என்ற கவலை. அது வீண் பயம் அல்ல. 2010-ஐ ஒட்டி, கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை கடலோரமாக ஒரு மேம்பாலச் சாலை போடத் திட்டம் வந்தது. அது குப்பங்களின் மேலே போகும். மீனவர்கள் எதிர்த்தார்கள். பெசன்ட் நகர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாலை வரவில்லை.

ஆற்றுக்கு வடக்கே, மெரினா லூப் சாலையில் நடந்ததையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் கடைகளை அகற்றினார்கள். நொச்சிக்குப்பம் மீனவர்கள் மறியல் செய்தார்கள். 2024-ல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடை போன பிறகு அங்காடி வந்தது. முதலில் அங்காடி, பிறகு அகற்றல் என்று இருந்திருந்தால் மறியலுக்கு என்ன வேலை?

ஆகவே நடைபாதை போடும்போது அதில் உட்கார்ந்து விற்கிறவருக்கும் இடம் குறிக்க வேண்டும். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-லேயே பாராளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது. ஆறரை அடி நடப்பதற்கு, அதை ஒட்டி மூன்று அடி கூடைக்கு என்று கோடு போட்டால் போதும். சண்டைக்கு இடமில்லை. வலை காயப்போடும் மணலைத் தொடவும் வேண்டாம்.

உடைந்த பாலம்

குப்பத்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் சொந்தமாகவே ஒரு நடைவழி இருந்தது. அடையாற்று முகத்துவாரத்தின் குறுக்கே 1967-ல் கட்டிய பாலம் அது. மீனவர்களும் நடந்து போகிறவர்களும் அக்கரைக்குப் போகக் கட்டியது. 1977-ல் வெள்ளம் அதை உடைத்தது. பிறகு அதைச் சரி செய்யவில்லை. பேச்சு மட்டும் பல முறை எழுந்தது. எழும்போதெல்லாம் கார் போகும் சாலையாகவே அது எழுந்ததால், குப்பத்தார் வேண்டாம் என்றார்கள். நடக்க மட்டும் ஒரு பாலம் என்றால் அவர்கள் பதில் வேறாக இருக்கலாம். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால்தானே தெரியும்?

பாலத்தின் மிச்சம் நிற்கிறது. அதைச் சினிமாவுக்குப் படம் பிடித்திருக்கிறார்கள். நடந்து அக்கரைக்குப் போக வேண்டியவர் ஊருக்குள் வந்து, அடையாறு திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் போகிறார்.